பெட்டி நிழல்

ஆக்ஸிலியா துப்பினாள். தலையில் இறுக்கியிருந்த பட்டையைப் பிய்த்துத் தரையில் எறிந்தாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

"அண்ணாச்சி! ஓடுங்க! மேல பாருங்க!"

கத்தியது கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள்ளேயே சுற்றி அவள் காதுக்குத் திரும்பி வந்தது. மைக் செத்துக் கிடந்தது. நாற்பது மீட்டர் கீழே, தென்கரைத் துறைமுகத்தின் பெட்டித் தளத்தில், முத்துராசு நிதானமாகக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே கிரேன் பாதி வழியில் உறைந்துபோனதால் ஒரு கன்டெய்னர் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு கயிறுகளில் ஒன்று தொளதொளத்துவிட்டது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அங்கே நிற்கக் கூடாது என்று சுவரெல்லாம் எழுதித்தான் போட்டிருந்தார்கள். யார் கேட்டார்கள்? ஆடி மாத வெயிலில் அந்தத் தளத்தில் நிழல் என்று ஒன்று உண்டென்றால் அது பெட்டி நிழல்தான். தளத்துக் கிரேன்களையெல்லாம் ஓட்டும் இயந்திர மூளைக்குச் சுக்கான் என்று பெயர். அது திணறினால் கை கொடுக்கத்தான் கூண்டில் ஆக்ஸிலியா; அவள் யோசிப்பதை அதற்குப் பதிந்து கொடுக்கத்தான் தலையில் பட்டை. வந்த நாளிலிருந்து சுக்கான் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. அதனால் பெட்டிகளுக்குக் கொக்கி பூட்டும் ஆட்கள், பெட்டி நகர நகர அதன் நிழலுக்குள்ளேயே நடந்து பழகிவிட்டார்கள். நிழல் போனால் போவார்கள். நிழல் நின்றால் நிற்பார்கள்.

நிழல் நின்றிருந்தது. முத்துராசுவும் நின்றிருந்தார்.

பெட்டி சிக்கினால் ஆடாமல் பிடித்து வை என்பது விதி. ஆக்ஸிலியாவின் கை விதிக்கு எதிர்ப்பக்கம் போனது. பெட்டியை ஆடவிடாமல் பிடிக்கும் பூட்டின் பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். பூட்டு விட்டது. காத்துக்கொண்டிருந்ததுபோல் கச்சான் காற்று பெட்டியை ஒரு தள்ளு தள்ளியது. பெட்டி ஊஞ்சலாய்ப் போனது. நிழலும் அதோடு போனது.

சுள்ளென்று வெயில் முகத்தில் அடித்தது. எரிச்சலோடு முத்துராசு நிமிர்ந்து பார்த்தார்.

பார்த்தார். ஓடினார்.

ஊஞ்சல் திரும்பி வரும்போது மீதிக் கயிறுகளும் அறுந்தன. அவர் நின்ற இடத்தில் பெட்டி விழுந்த சத்தத்தில் ஆக்ஸிலியாவின் கூண்டுக் கண்ணாடி கீறல் விட்டது. புழுதி அடங்கியபோது, அவருடைய துண்டு மட்டும் பெட்டிக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்தது. முத்துராசு தூரத்தில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆக்ஸிலியா குனிந்து தரையில் கிடந்த பட்டையை எடுத்தாள். அதன் விளக்கு அணைந்திருந்தது. புறங்கையால் நாக்கைத் துடைத்துக்கொண்டாள்.

*

"உட்காரு, ஆக்ஸிலியா. ஜூஸ் குடிக்கிறியா?"

மேலாளர் சாருமதியின் அறையில் ஏசி நடுக்கியது. சென்னைக்காரி. ஆறு மாதமாக ஆக்ஸிலியாவைத் தற்காலிக ஆள் என்று மட்டுமே அறிந்திருந்தவள், இன்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"வேண்டாம் மேடம். இனிப்பு வேண்டாம்."

"சரி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. பட்டை எப்படிக் கழண்டுச்சு?"

"வேர்த்துச்சு மேடம். வழுக்கிட்டு."

"ச்சே!" சாருமதி மேசையைத் தட்டினாள். "நல்ல நேரத்துல! நீ பண்ணினது இருக்கே, உலகத்துல எந்தத் துறைமுகத்துப் பதிவுலயும் இல்லை. மனுஷனை நகர்த்த முடியலைன்னா நிழலை நகர்த்துன்னு சுக்கானுக்குத் தோணவே தோணாது. அந்த நேரத்துல உன் மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு ஒரு துளி பதிவு இல்லை. கை தெரியுது, கணக்கு தெரியலை."

"முத்துராசு அண்ணாச்சி எப்படி இருக்காவ மேடம்?"

"ஆங்? நல்லா இருக்கார். ஒண்ணுமில்லை." சாருமதி ஒரு திரைப் பலகையை அவள் பக்கம் தள்ளினாள். "படி. அஞ்சு வருஷ ஒப்பந்தம். இந்தச் சம்பளத்தை உங்க தெருவுல யாரும் கனவுலகூடப் பார்த்திருக்க மாட்டாங்க."

ஆக்ஸிலியா படித்தாள். சம்பளத்தைத் தாண்டிக் கீழே போனாள். அங்கே ஒரு வரியில் விரல் நின்றது.

"ஒப்பந்தக் காலத்தில் எந்தக் கல்லூரியிலும் சேரக் கூடாது, தபால் வழிப் படிப்பும் கூடாது... இது எதுக்கு மேடம்?"

"இன்னிக்குத் திருநெல்வேலியில இன்ஜினியரிங் சேரக் கடைசி நாள். உனக்கு சீட் கிடைச்சிருக்கு. தெரியும்." சாருமதி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை, நம்பித்தான் பேசினாள். "கோவிச்சுக்காதே, அக்கா மாதிரி சொல்றேன். சுக்கானுக்கு எல்லா சரியான விடையும் தெரியும். உலகத்துல இருக்கிற எல்லா இன்ஜினியரும் படிச்ச எல்லாப் புத்தகமும் அதுக்குள்ள இருக்கு. அதுகிட்ட இல்லாதது ஒண்ணுதான். புதுத் தப்பு. படிச்சவங்க எல்லாரும் ஒரே மாதிரி யோசிக்கிறாங்க, தப்பு பண்ணினாலும் ஒரே மாதிரி பண்றாங்க. நீ அப்படி இல்லை. உன் தலைக்கு விலையே அதுக்குத்தான். நாலு வருஷம் காலேஜ்ல உக்காந்தா நீயும் அந்த வரிசையில ஒரு ஆள்."

"படிக்கவே கூடாதா?"

"வீட்டுல படியேன்! எல்லாம் இலவசமா கொட்டிக் கிடக்கு. சர்டிபிகேட்டை வச்சு என்ன பண்ணப்போறே, பிரேம் போட்டு மாட்டுவியா?"

பதில் சொல்லும் முன் கதவு தட்டப்பட்டது. விபத்து விசாரணைக்கு வந்திருந்தார் கோமதிநாயகம். உரிமம் பெற்ற பொறியாளர். இந்தக் கடற்கரையில் இருக்கும் எல்லாத் துறைமுகங்களுக்கும் சேர்த்து அவர் ஒருத்தர்தான். கண்ணுக்குக் கீழே பை தொங்க, நின்றபடியே கேட்டார்.

"கிரேன்ல இருந்தது நீங்கதானம்மா? சுக்கான் அறிக்கையில கயிற்று உருளை பழுதுன்னு இருக்கு. உருளையையும் பார்த்துட்டேன், பழுதுதான். நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஆக்ஸிலியா வாயைத் திறந்தாள். மேசை மேல் இருந்த சுக்கானின் சின்னப் பச்சைக் கண்ணைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"நான் சொன்னா எங்க சார் போவும்?"

கோமதிநாயகம் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க பேர் பொறியாளர் பதிவேட்டுல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்போ நீங்க சொல்றது கருத்து. கருத்து எதுவா இருந்தாலும் முதல்ல சுக்கானுக்குப் போகும், அது பதில் எழுதும், அப்புறம் எனக்கு வரும். பதிவேட்டுல பேர் இருந்தா அது வாக்குமூலம். மூடின உறையில வரும். இயந்திரமும் பார்க்கக் கூடாது, கம்பெனியும் பார்க்கக் கூடாது. அதை வச்சு நான் இயந்திரத்தைத் திறக்கலாம். கருத்தை வச்சு முடியாது." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். "பதிவேடுன்னா பெரிய ஆளா இருக்கணும்னு இல்லை. காலேஜ்ல சேர்ந்த அன்னிக்கே மாணவர் பேரும் ஏறிடும்."

"சார், அவ ஷாக்ல இருக்கா," என்றாள் சாருமதி.

"சொல்லுறதுக்கு ஒண்ணும் இல்ல சார்," என்றாள் ஆக்ஸிலியா.

கோமதிநாயகம் தலையாட்டிவிட்டுப் போனார். சாருமதி பலகையை மறுபடி நீட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க மேடம்," என்று எழுந்தாள் ஆக்ஸிலியா. "எங்க அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

*

பெனிட்டோ அவளுடைய பெரியப்பா மகன். தென்கரையில் ஐந்து வருட ஒப்பந்தத்தை முழுதாக முடித்த முதல் ஆள். இப்போது பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பரோட்டாக் கடை வைத்திருந்தான். கடையில் எப்போதும் கூட்டம். பரோட்டாவுக்காக அல்ல, வேடிக்கைக்காக.

"பெனிட்டோ, இன்னைக்கு என்ன டிசைன்லே?" என்று ஒருவன் இலையிலிருந்து தூக்கிக் காட்டினான். "எனக்கு இலங்கை மேப்பு வந்திருக்கு!"

"எனக்கு வாத்துலே! வாலு கூட இருக்கு!"

"தின்னுட்டுப் போங்கலே," என்று சிரித்துக்கொண்டே பெனிட்டோ அடுத்த உருண்டையை வீசினான். வீசும்போதே அவன் முகம் இறுகியதை ஆக்ஸிலியா பார்த்தாள். வட்டமாக்கத்தான் பார்க்கிறான். கை வேறு பக்கம் இழுக்கிறது. இந்தத் தடவை அது முக்கோணமாக விழுந்தது.

"ஏட்டி ஆக்சி! டிவில ஒன்னத்தான் காட்டுதான். முத்துராசு அண்ணாச்சி உசுரக் காப்பாத்திட்டியாமே!"

"அண்ணே, ஒப்பந்தம் குடுக்காவ. அஞ்சு வருசம்."

பெனிட்டோவின் கை நின்றது. உதவிக்கு நின்ற மனைவியிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, ஆக்ஸிலியாவைக் கடைக்குப் பின்னால் தண்ணீர் டிரம் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"பட்டை எப்படி இருக்குன்னு தெரியும்லா ஒனக்கு?"

"தெரியும். கசக்கும், இனிக்கும்."

"அதான். பழசச் செஞ்சா நாக்கு அடில கசக்கும். புதுசா ஒண்ணு வருதுன்னு அது பதிய ஆரம்பிச்சா இனிக்கும். கருப்பட்டி மாரி. மொத வருசம் நல்லாத்தான் இருந்துச்சுட்டி. ராசா மாரி இருந்தேன். ரெண்டாவது வருசம் என்னாச்சுன்னா, ஒரு வேலைய நேத்துச் செஞ்ச மாரி இன்னைக்குச் செய்ய முடியல. கசப்புக்குப் பயந்து கை தானா வெலகிரும். இப்பம் பட்டை இல்ல. ஆனா கை வெலகுது."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"காட்டுனேன். 'கையெல்லாம் நல்லா இருக்கு, பழக்கம்தான் போயிட்டு'ன்னாரு. பழக்கம் போயிட்டுன்னா மனுசன்ட்ட என்னட்டி மிச்சம்?" டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவினான். ஒரு கையால் கழுவினான், அடுத்து மணிக்கட்டால், அடுத்து முழங்கையால். "வீட்டுக்கு ஒரே ரோட்டுல போக முடியல. அத விடு. சின்னவளத் தூங்க வைக்கப் பாடுதேன், ஒவ்வொரு தடவையும் வேற ராகமா வருது. யாரோ வேத்தாளுன்னு நெனச்சி அழுதா. ஒங்க மதினி வந்து வாங்கிட்டுப் போறா."

உள்ளே யாரோ "பெனிட்டோ, ஒரு யானை போடுலே!" என்று கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது.

"கம்பெனிக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாம இருக்குமா? தெரிஞ்சுக்கிட வேண்டாம்னு இருக்காவ. கேட்டா, 'நீயா கையெழுத்துப் போட்ட'ம்பாவ. நெசந்தான? நாந்தான் போட்டேன்." ஈரக் கையை லுங்கியில் துடைத்தான். "காலேஜ்ல என்னட்டி செய்வாவ? ஒரே கணக்க நூறு தடவ போடச் சொல்லுவாவ. அன்னைக்கு அதத்தான் கேலி பண்ணுனேன். கிளிப்புள்ளைப் படிப்புன்னேன். இப்பம் யாராச்சும் எனக்கு ஒரே கணக்க ரெண்டு தடவ போடக் கத்துக் குடுத்தாம்னா, அவன் கால்ல விழுவேன்."

ஆக்ஸிலியா தன் பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்தாள். அன்றைக்குக் காலையில் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். நேற்றுப் போட்ட மாதிரி இன்றைக்குப் பின்ன வரவில்லை. ஆறே மாதம். தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தாள்.

"நெல்லை பஸ்ஸு எப்பண்ணே?"

பெனிட்டோ அவளை உற்றுப் பார்த்தான். கடைக்கு முன்னால் ஓடினான்.

"ஏ டிரைவரே! நிறுத்தும்வே! எந்தங்கச்சி வாரா!"

*

பஸ் ஏறும் இடத்தில் முத்துராசு நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவர், புதுத் துண்டு ஒன்றைத் தலையில் கட்டியிருந்தார்.

"தாயி, ஒன்ன எங்கெல்லாம் தேடுதேன்! நீ மட்டும் இல்லன்னா எம்பொஞ்சாதிக்கு இன்னைக்குப் பென்ஷன் வந்திருக்கும்."

"அண்ணாச்சி, எனக்கு ஒரு சத்தியம் பண்ணணும்."

"என்ன வேணாலும் கேளு."

"இனிமே பெட்டி நிழல்ல நிக்கப்புடாது. நீங்க மட்டும் இல்ல. ஒருத்தரும்."

"பழுதுதான தாயி? அத இன்னைக்கே சரி பண்ணிட்டாவளே. சுக்கான் இத்தன வருசத்துல..."

"அண்ணாச்சி." அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை நிறுத்தியது. "ஏன்னு கேக்காதிய. குடை வாங்குங்க. எல்லாருக்கும்."

"கொக்கி பூட்டுத ஆளு குடை புடிச்சா, ஊரு சிரிக்குமே!"

"சிரிச்சிட்டுப் போகட்டும்."

பஸ் நகர்ந்தது. பின் கண்ணாடி வழியே பார்த்தாள். முத்துராசு தலையைச் சொறிந்துகொண்டே எதிரே இருந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குள் நுழைவது தெரிந்தது.

வாகைக்குளம் தாண்டும்போது போன் அடித்தது. சாருமதி.

"எங்கே இருக்கே? சம்பளத்தை இன்னும் ஏத்தித் தர மேலிடத்துல சம்மதம் வாங்கிட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம், அந்த நிழல் வேலையைப் பட்டை போட்டுக்கிட்டு இன்னொரு தடவை செஞ்சு காட்டினாப் போதும்."

"கீழ ஆளு நிக்குமா மேடம்?"



"அதெல்லாம் எதுக்கு... பொம்மை வச்சுக்கலாம்."

"பொம்மைக்கு வெயில் சுடாது மேடம்," என்று சொல்லி ஆக்ஸிலியா போனை அணைத்தாள். அணைத்ததோடு விடவில்லை. பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டாள்.

*

கல்லூரி அலுவலகத்தைப் பூட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸிலியா ஓடி வந்த வேகத்தில் கதவுக்கு இடையில் காலைக் கொடுத்தாள். சேர்க்கைப் பொறுப்பில் இருந்த பேராசிரியர் உலகநாதன், பாதி மூடிய பெட்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, காலையில இருந்து தூங்கிட்டா இருந்தே?"

"இல்ல சார். வேலைக்குப் போயிருந்தேன்."

அவர் சலித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். மார்க் ஷீட் பார்த்தார், சாதிச் சான்று பார்த்தார், ஒரு தாளை நீட்டினார். மேசையில் கயிறு கட்டிய ஒரு பேனா கிடந்தது.

"இங்கே ஒரு கையெழுத்து. கீழே ஒண்ணு."

ஆக்ஸிலியா முதல் கையெழுத்தைப் போட்டாள். இரண்டாவதைப் போட்டாள்.

உலகநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் வேற வேறயா இருக்கேம்மா. இது செல்லாதே. முதல்ல போட்ட மாதிரியே போடணும்."

புதுத் தாள் தந்தார். ஆக்ஸிலியா போட்டாள். எழுத்து வேறு பக்கம் வளைந்தது. நாக்கின் அடியில், இல்லாத பட்டையின் கசப்பு எழுந்தது. விழுங்கினாள். இன்னொரு தாள் கேட்டாள். கை விலகியது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். கசப்பு தொண்டைவரை ஏறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. பேனா ஒவ்வொரு எழுத்தாக, சேற்றில் வண்டி இழுக்கும் மாடுபோல் நகர்ந்தது. ஆ. க். ஸி. பழைய தடத்திலேயே. லி. யா.

உலகநாதன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். சலிப்பு போயிருந்தது.

"தென்கரைப் பட்டையா?"

"ஆமா சார். ஆறு மாசம்."

"ரெண்டு பேர் வந்தாங்க போன வருஷம். கையெழுத்துப் போட முடியாமத் திரும்பிப் போயிட்டாங்க." முத்திரையை எடுத்துத் தாளில் குத்தினார். திரையில் எதையோ தட்டினார். "சரி. பதிவேட்டுல பேர் ஏறிடுச்சு. இனிமே நீ மாணவி."

"இப்பமேவா சார்?"

"இப்பவே."

ஆக்ஸிலியா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இங்க சுக்கான் மாதிரி ஏதாவது கேக்குமா சார்?"

"இது கவர்ன்மென்ட் காலேஜ்மா. பேனாவுக்கே கயிறு கட்டி வச்சிருக்கோம்."

அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. பிறகு நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்தாள்.

"நான் ஒரு வாக்குமூலம் குடுக்கணும். கோமதிநாயகம் சாருக்கு. மூடின உறைல."

உலகநாதன் மெதுவாகப் பெட்டியைத் திறந்து மறுபடி ஒரு தாளை எடுத்தார். "அதுக்காகத்தான் சேர்ந்தியா? சொல்லிட்டுப் போயிடுவியா?"

"சொல்லுறதுக்கு இன்னைக்கு ஒரு நாள் போதும் சார். உள்ள எறங்கி சுக்கானுக்கு எங்கன இருந்து அந்தப் புத்தி வந்துச்சுன்னு பாக்க நாலு வருசம் வேணும்லா? அதுக்குந்தான் சேந்தேன்."

"காலையில விழுந்த பெட்டியா? டிவியில பழுதுன்னாங்களே."

"நானும் யார்ட்டயும் வாயத் தொறக்கல சார். சாருமதி மேடத்துட்ட சொல்லல, எங்க அண்ணன்ட்ட சொல்லல, உசுரு தப்புன அண்ணாச்சிட்டகூட சொல்லல. சொன்னா சுக்கான் காதுக்குப் போயிரும். போச்சுன்னா அடுத்த தடவ திருத்திக்கிடும். வரிசையச் சரியா மாத்தி வச்சிரும்."

"என்ன வரிசை?"

ஆக்ஸிலியா கயிறு கட்டிய பேனாவை எடுத்தாள். தாளின் தலைப்பில் தன் பெயரை எழுதினாள். போன தடவை எழுதியது போலவே.

"பட்டை பதிய ஆரம்பிச்சா இனிக்கும் சார். புதுசா ஏதோ வரப்போவுதுன்னு சுக்கானுக்குத் தெரிஞ்சாத்தான் பதியும்," என்றாள். "காலைல இனிப்பு மொதல்ல வந்துச்சு. கிரேன் அப்புறந்தான் நின்னுச்சு."